ஆக்சிலேட்டரை விட்டதும் வெடிக்கும் வண்டி

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற வழியில், கொத்தட்டை டோல்கேட் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஓரமாக நின்று கேட்டுப் பாருங்கள். அதுவரை அறுபது எழுபதில் வந்த பைக்குகள் எல்லாம் அந்த இடத்தில்தான் ஆக்சிலேட்டரை விடும். விட்ட அடுத்த நொடி சில வண்டிகளின் சைலன்சரிலிருந்து 'பட்... பட்... படபட' என்று வெடி கிளம்பும். வேகம் குறையக் குறைய வெடியும் குறையும். கிளட்சைப் பிடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும். திரும்ப முறுக்கினால் ஒன்றுமே நடக்காதது போல வண்டி சமர்த்தாகப் போகும்.

இந்தச் சத்தத்துக்கு நம்ம பக்கம் மூன்று விளக்கம் சொல்வார்கள். "சைலன்சர் போயிடுச்சு, மாத்திடு" என்பது ஒன்று. "புல்லட்னா அப்படித்தாம்ப்பா இருக்கும்" என்பது இன்னொன்று. "இப்ப வர்ற பெட்ரோல் சரியில்ல" என்பது மூன்றாவது. முதல் இரண்டையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மூன்றாவதில் பாதி விஷயம் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் மச்சானின் வண்டி. அவருக்கு வீடு கடலூரில், தென்பெண்ணைக் கரையோரம். வேலை சிதம்பரத்தில். தினம் ஏறத்தாழ 45 கிலோமீட்டர் போய், அதே தூரம் திரும்பி வருகிறவர். வண்டி கார்ப்பரேட்டர் காலத்து 350 சிசி புல்லட். ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகு, 2024 டிசம்பர் தொடக்கத்தில், சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூரின் கரையோரத் தெருக்களுக்குள் புகுந்ததே, அப்போது அவர் வண்டியும் சைலன்சர் மூழ்க நின்றது. ஆயில் மாற்றி, கார்ப்பரேட்டர் கழுவி, ஓட வைத்துவிட்டார்கள். சில மாதம் கழித்து வெடி ஆரம்பித்தது. ஒரு கடையில் சைலன்சரை மாற்றச் சொன்னார்கள், மாற்றினார். வெடி அப்படியே இருந்தது. "மாப்ள, புது சைலன்சர் போட்டும் வெடிக்குதே, இன்ஜினே போச்சா?" என்று என்னிடம் வந்து நின்றார்.

இன்ஜின் போகவில்லை. சைலன்சரும் போகவில்லை. வெடி கேட்கிற இடம் சைலன்சர்; வெடிக்கான காரணம் வேறு இடத்தில்.

வண்டி அறுபதில் போகும்போது ஆக்சிலேட்டரை முழுசாக விட்டால் என்ன நடக்கிறது? கார்ப்பரேட்டரின் வாசல் மூடிக்கொள்கிறது. ஆனால் பின்சக்கரம் இன்ஜினைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பிஸ்டன் மூடிய வாசலுக்குப் பின்னால் கடுமையாக இழுக்கிறது. அந்த நேரத்தில் மெயின் ஜெட், நீடில் இரண்டுக்கும் வேலை இல்லை. பைலட் ஜெட் எனப்படும் ஸ்லோ ஜெட் மட்டும்தான் பெட்ரோல் கொடுக்கிறது. சிலிண்டருக்குள் வருகிற காற்றும் பெட்ரோலும் மிகக் கொஞ்சம். போன சுற்றில் எரிந்த புகையின் மிச்சமும் அதோடு கலந்து கிடக்கிறது. இந்தக் கலவையில் பெட்ரோல் விகிதம் குறைந்து போனால், அதாவது மெக்கானிக்குகள் சொல்கிற 'லீன்' ஆகிவிட்டால், பிளக் பொறி அடித்தும் தீ முழுசாகப் பரவாது. எரியாத கலவை எக்சாஸ்ட் வால்வு வழியாக, இன்ஜினையும் சைலன்சரையும் இணைக்கிற பெண்ட் பைப்புக்குள் போய்விடும். பைப் நல்ல சூட்டில் இருக்கிறது. அங்கே கொஞ்சம் புதுக்காற்று கிடைத்தால் போதும், வெளியே வெடிக்கும்.

இதில்தான் பெரும்பாலானவர்கள் தடம் மாறுகிறார்கள். சைலன்சரில் வெடிப்பது பெட்ரோல் என்பதால், "பெட்ரோல் ஜாஸ்தியா போகுது, கொறை" என்று சொல்லி, கார்ப்பரேட்டரில் கலவையைச் சரிசெய்கிற ஸ்க்ரூவை இன்னும் லீன் பக்கம் திருப்பிவிடுவார்கள். வெடி அதிகமாகும். பெட்ரோல் அளவுக்கு மீறிக் குறைந்ததால்தான் சிலிண்டருக்குள் எரியாமல் வெளியே வந்தது. வீட்டு கேஸ் அடுப்பில் பர்னருக்குக் காற்று அதிகம் போகும்படி இருந்தால், அடுப்பை அணைக்கும்போது 'பட்' என்று ஒரு சத்தம் வரும், கேட்டிருப்பீர்கள். ஏறக்குறைய அதே சங்கதிதான் இது.

ஆக, வெடிக்கு இரண்டு பொருள் வேண்டும்: எரியாமல் வெளியே வந்த கலவை ஒன்று, பைப்புக்குள் நுழைந்த புதுக்காற்று இன்னொன்று. தேடும்போது நான் எப்போதும் காற்றிலிருந்துதான் ஆரம்பிப்பேன். காற்று ஒழுக்கை அடைக்காமல் ஸ்க்ரூவைத் தொட்டால், ஓட்டையை மறைப்பதற்காகக் கலவையைக் கெடுக்கிற வேலைதான் நடக்கும்.

எக்சாஸ்ட் பக்கம் காற்று எப்படி உள்ளே போகும், புகை வெளியேதானே தள்ளும் என்று கேட்பீர்கள். ஒவ்வொரு முறை வால்வு திறந்து மூடும்போதும் பைப்புக்குள் அழுத்தம் ஏறி இறங்குகிறது. இறங்குகிற கணத்தில் வெளியை விட உள்ளே அழுத்தம் குறைவு. ஜாயிண்டில் மெல்லிய இடைவெளி இருந்தாலே அங்கிருந்து காற்றை உறிஞ்சிவிடும். ஆக்சிலேட்டர் மூடியிருக்கும்போது புகையின் அளவே குறைவு என்பதால் இந்த உறிஞ்சல் இன்னும் அதிகம்.

மச்சான் வண்டியில் இதைக் கண்ணால் பார்த்தோம். காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போதே ஸ்டார்ட் செய்து, பெண்ட் பைப் ஹெட்டில் சேருகிற இடத்திலும், பெண்ட் பைப்பும் சைலன்சரும் சேருகிற கிளாம்பிலும் சோப்புத் தண்ணீரைத் தடவினோம். ஹெட் பக்கம் ஒன்றும் இல்லை. கிளாம்பின் அடிப்பக்கத்தில் நுரை குமிழ் குமிழாகக் கிளம்பியது. கழற்றிப் பார்த்தால் புது சைலன்சர் பளபளக்கிறது. அதற்குள் நுழைகிற பழைய பெண்ட் பைப்பின் நுனி துரு ஏறி, செதில் செதிலாக உதிர்ந்து, வட்டமே இல்லாமல் இருந்தது. ஒரு பக்கம் மட்டும் கரி படிந்து கறுப்புக் கோடு. புகை போய் வந்த பாதை அதுதான். வெள்ளத் தண்ணீரும், கடலூரின் உப்புக்காற்றும் சேர்ந்து செய்த வேலை. தேவனாம்பட்டினம், ஓ.டி. எனப்படும் கடலூர் முதுநகர் பக்கம் வண்டி வைத்திருப்பவர்கள் சைலன்சரை மாற்றும்போது பெண்ட் பைப் நுனியையும் ஹெட்டில் இருக்கும் பேக்கிங்கையும் பார்க்காமல் விடவே கூடாது. அந்தப் பேக்கிங்கை ஒருமுறை கழற்றினால் புதுசுதான் போட வேண்டும்.

அடுத்தது இன்டேக் பக்கம். கார்ப்பரேட்டரையும் ஹெட்டையும் இணைக்கிற ரப்பர் மேனிஃபோல்டில் வெடிப்பு விழுந்தால், பெட்ரோலோடு கலக்காத காற்று நேராக உள்ளே போகும். கலவை லீன் ஆகிவிடும். இன்ஜினை ஐடிலில் விட்டு, அந்த ரப்பரைச் சுற்றிச் சின்ன ஸ்ப்ரே பாட்டிலால் தண்ணீர் அடித்துப் பாருங்கள். ஐடிலிங் சத்தம் மாறினால் அங்கே ஒழுக்கு இருக்கிறது. சிலர் இதற்குக் கார்ப் கிளீனர் அடிப்பார்கள். சூடான இன்ஜினில் அது தீப்பிடிக்கும், தண்ணீரே போதும். மச்சான் வண்டி ரப்பர் வெளியிலிருந்து பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கழற்றி இரண்டு கட்டைவிரலாலும் பின்பக்கமாக வளைத்தபோது, ரப்பரும் உலோகமும் ஒட்டுகிற ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு கீறல் வாயைத் திறந்தது. சாதாரணமாக வைத்துப் பார்த்தால் தெரியாத கீறல்.

காற்று நுழைய மூன்றாவது ஒரு வழியும் உண்டு. கம்பெனியே வேண்டுமென்று வைத்த வழி அது. பல வண்டிகளில் ஏர் ஃபில்டர் பக்கமிருந்து ஒரு ஹோஸ், ஒரு சின்ன வால்வு வழியாக, எக்சாஸ்ட் வாசலுக்கு வரும். எரியாத மிச்சத்தைப் பைப்பிலேயே எரித்துப் புகை நச்சைக் குறைப்பதற்காக அது. ஆக்சிலேட்டரை விட்டு இன்டேக்கில் உறிஞ்சல் கடுமையாகும்போது பல வண்டிகளில் அந்த வால்வு மூடிக்கொள்ளும். வால்வின் டயஃப்ரம் கிழிந்தால் மூடாது, வெடிக்கும். சோதிப்பதற்காக அந்த ஹோஸை ஒரு முறை இறுக்கிப் பிடித்துவிட்டு ஓட்டிப் பார்க்கலாம். வெடி நின்றால் வால்வைச் சந்தேகப்படுங்கள், மாற்றுங்கள். நிரந்தரமாக அடைத்துவிடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். நோய் இருக்கிற இடம் தெரிந்த பிறகும் மருந்து போடாமல் வாயை மட்டும் கட்டுகிற வேலை அது.

இப்போது பெட்ரோல் கதை. வெறும் பெட்ரோல் முழுசாக எரிய, எடைக் கணக்கில் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். அதற்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது, எடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுக்கு இந்தக் கணக்கு ஏறத்தாழ 13.5 ஆக இறங்குகிறது. கார்ப்பரேட்டருக்கு இது எதுவும் தெரியாது. ஜெட்டின் துளை என்ன அளவோ அதே அளவுதான் ஊற்றும். பழைய பெட்ரோலுக்கு நிர்ணயித்த வண்டியில் இ20 ஊற்றினால், ஒரு ஸ்க்ரூவைக்கூடத் திருப்பாமலே கலவை எட்டு சதவீதத்துக்கு மேல் லீன் ஆகிவிடும். ஏற்கெனவே விளிம்பில் நின்ற ஸ்லோ ஜெட், விளிம்பைத் தாண்டிவிடும்.

நாட்டில் 10 சதவீதக் கலப்பு 2022இல் எட்டப்பட்டது. இ20 விற்பனை 2023இல் தொடங்கி 2025இல் எங்கும் பரவிவிட்டது. நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே பழைய இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 சதவீதம் மைலேஜ் குறையும் என்று சொன்னது. வெடிச் சத்தத்தை யாரும் அறிக்கையில் எழுதவில்லை, ஆனால் காரணம் ஒன்றுதான். நெல்லிக்குப்பத்தில் 19ஆம் நூற்றாண்டிலிருந்து சர்க்கரை ஆலை இருக்கிறது; சேத்தியாத்தோப்பில் எம்.ஆர்.கே. கூட்டுறவு ஆலை. கரும்பு நம்ம மாவட்டத்துப் பயிர். எத்தனாலுக்குப் போகிற கரும்புப்பாகின் வாசனை நமக்குப் பழகியதுதான். எத்தனாலை நான் எதிரியாகப் பார்க்கவில்லை. கார்ப்பரேட்டர் வண்டிக்காரர்கள் அதற்கேற்ப ட்யூனிங்கை மாற்ற வேண்டும் என்றுதான் சொல்கிறேன். அதோடு எத்தனால் ஈரத்தை இழுக்கும். நம்ம கடற்கரைக் காற்றில் மாதக் கணக்கில் நின்ற வண்டியில் ஃப்ளோட் பவுலைத் திறந்தால் அடியில் தண்ணீர்த் துளியும், பித்தளை ஜெட்டில் பச்சை பூத்ததும் தெரியும். ஸ்லோ ஜெட்டின் துளை முடி அளவு. கொஞ்சம் அடைத்தாலும் லீன்தான். அதை இரும்புக் கம்பியால் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். கிளீனர் ஸ்ப்ரேயும் காற்றும் போதும்.

இதையெல்லாம் முடித்த பிறகுதான் ஸ்க்ரூ. முதலில் அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றுக்கான ஸ்க்ரூ: உள்ளே திருப்பினால் பெட்ரோல் விகிதம் கூடும், அதாவது 'ரிச்'; வெளியே திருப்பினால் லீன். பழைய ஸ்லைடு வகைக் கார்ப்பரேட்டர்கள் இப்படி. இன்ஜின் பக்கம் இருந்தால் அது கலவைக்கான ஸ்க்ரூ: வெளியே திருப்பினால் ரிச். டயஃப்ரம் வைத்த பிஎஸ்29 போன்ற கார்ப்பரேட்டர்கள் இந்த வகை. இரண்டும் நேர் எதிர். ஒரு வண்டியில் பழகிய கை இன்னொரு வண்டியில் தலைகீழாகத் திருப்பிவிடும்.

மெதுவாக உள்ளே திருப்பிக்கொண்டே வந்து, எத்தனை சுற்றில் முட்டுகிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். முட்டிய பிறகு அழுத்தாதீர்கள், ஊசி முனை கெட்டுவிடும். மச்சான் வண்டியில் முக்கால் சுற்றிலேயே முட்டியது. எப்போதோ ஒரு சர்வீஸில் மச்சான் மைலேஜ் கேட்டிருக்கிறார். நம்ம ஊரில் சர்வீஸுக்கு விடும்போது எல்லோரும் சொல்கிற ஒரே வாசகம், "கொஞ்சம் மைலேஜ் வர மாதிரி பண்ணுங்கண்ணா." மெக்கானிக்கும் ஸ்க்ரூவை லீன் பக்கம் ஒரு திருகு திருகிவிடுவார். சிதம்பரம் ரோட்டில் ஒரே சீராக அறுபதில் போகிறவருக்கு பெட்ரோலில் பெரும்பகுதியைக் கொடுப்பது நீடில். ஸ்லோ ஜெட் ஸ்க்ரூவைத் திருகி அங்கே மிச்சம் பிடிப்பது சொற்பம். அந்தச் சொற்பத்துக்காக ஐடிலிங் சரியாக நிற்காது, காலையில் ஸ்டார்ட் ஆகாது, சைலன்சர் வெடிக்கும். மைலேஜுக்காக இந்த ஸ்க்ரூவைத் தொடுவது வீண் வேலை என்பது என் தீர்மானமான கருத்து.

ட்யூன் செய்ய இன்ஜின் நன்றாகச் சூடாக வேண்டும். ஓ.டி. யிலிருந்து ஆலப்பாக்கம் வரை போய் வந்தால் சரியாக இருக்கும். ஐடிலை வழக்கத்தை விடக் கொஞ்சம் ஏற்றி வைத்துக்கொண்டு, கலவை ஸ்க்ரூவை ஒன்றரைச் சுற்றில் தொடங்கி, கால் கால் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் சில விநாடி காத்திருங்கள். இன்ஜின் தானாகவே அதிக வேகத்தில், சீராக ஓடுகிற இடம் ஒன்று வரும். அதுதான் நடுப்புள்ளி. அங்கிருந்து ரிச் பக்கம் அரைக்கால் சுற்று, அதிகம் போனால் கால் சுற்று. பிறகு ஐடிலை இறக்குங்கள். இப்போது ஆக்சிலேட்டரை ஒரு முறை முறுக்கி விடுங்கள். ஆர்பிஎம் இறங்காமல் மேலேயே தொங்கி, பிறகு மெதுவாக இறங்கினால் இன்னும் லீன். ஐடிலுக்கும் கீழே முங்கி, அணையப் போகிற மாதிரி போய் எழுந்தால் ரிச். நேராக வந்து ஐடிலில் உட்கார்ந்தால் சரி. பிளக் நிறத்தை விட இந்தச் சோதனையை நான் அதிகம் நம்புகிறேன். இப்போதைய பெட்ரோலில் சரியான கலவையிலும் பிளக் வெளுப்பாகவே தெரியும். மூன்று சுற்று வெளியே வந்தும் நடுப்புள்ளி கிடைக்கவில்லை என்றால் ஸ்க்ரூவை விட்டுவிடுங்கள். ஸ்லோ ஜெட் அடைத்திருக்கிறது, அல்லது ஓர் அளவு பெரிய ஜெட் வேண்டும்.

இன்னொரு கருவி எல்லா ஊரிலும் இருக்கிறது, யாரும் பயன்படுத்துவதில்லை: புகைப் பரிசோதனை மையம். அங்கே கொடுக்கிற சீட்டை வண்டிக் கவருக்குள் மடித்து வைக்காமல் படித்துப் பாருங்கள். கார்பன் மோனாக்சைடு சதவீதமும் ஹைட்ரோகார்பன் அளவும் அதில் இருக்கும். 2000 மார்ச்சுக்குப் பிறகு வந்த, பிஎஸ்4 புகை விதிக்கு முந்தைய ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு வரம்பு 3.5 சதவீதமும் 4500 பிபிஎம்மும். மோனாக்சைடு மிகக் குறைவாகவும் ஹைட்ரோகார்பன் எக்கச்சக்கமாகவும் இருந்தால், பெட்ரோல் எரியாமல் வெளியே வருகிறது, அதாவது லீன் மிஸ்ஃபயர். இரண்டும் அதிகமென்றால் ரிச். எக்சாஸ்டில் காற்று கலக்கிற வண்டிகளில் எண் நீர்த்துப் போகும் என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள்.

மார்கழிக் காலையில் ஆருத்ரா தரிசனத்துக்குச் சிதம்பரம் போகிறவர்கள், அன்றைக்கு மட்டும் வண்டி கூடுதலாக வெடிப்பதைக் கவனித்திருக்கலாம். குளிர்ந்த காற்று அடர்த்தியானது. அதே ஜெட்டுக்குக் காற்று எடை கூடிப்போகிறது. வெயில் ஏறியதும் குறைந்துவிடும். இதற்காக ட்யூனிங்கை மாற்ற வேண்டாம்.

2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்த பிறகு வாங்கிய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் திருப்ப ஸ்க்ரூவே இல்லை. ஆக்சிலேட்டரை விட்டால் கம்ப்யூட்டரே பெட்ரோலை நிறுத்துகிறது. ஆக்சிஜன் சென்சார் இருப்பதால் இ20க்கும் தானாக ஈடுகட்டிக்கொள்ளும். அந்த வண்டி வெடித்தால் அநேகமாக எக்சாஸ்ட் ஜாயிண்ட் ஒழுக்கு, அல்லது மாற்றிப் போட்ட ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர். சென்சாருக்கு முன்னால் ஒழுகினால் அது காற்றை மோப்பம் பிடித்து, லீன் என்று தப்பாக நினைத்து, பெட்ரோலைக் கொட்டும். மைலேஜும் போகும்.

வேண்டுமென்றே வெடிக்க வைக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஓட்டத்தில் கில் ஸ்விட்சை ஆஃப் செய்து ஆன் செய்தால் துப்பாக்கி மாதிரி வெடிக்கும் என்று சாயங்காலம் சிதம்பரத்தின் நாலு வீதியையும் சுற்றுகிற தம்பிகள் இருக்கிறார்கள். கீழ வீதியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்கிற அம்மா திடுக்கிட்டு ஒதுங்குவதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. சைலன்சர் உள்தகடு கிழியும், கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருந்தால் உருகிப் போகும். ஒலி, புகை விதியை மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு.

மச்சான் வண்டிக்கு பெண்ட் பைப், பேக்கிங், மேனிஃபோல்டு ரப்பர் மூன்றும் புதுசு போட்டோம். ஸ்க்ரூ இரண்டு சுற்றில் நிற்கிறது. வெள்ளாற்றுப் பாலத்து இறக்கத்தில் மூன்றாவது கியரில் முழுசாக விட்டுப் பார்த்தபோது எப்போதாவது ஒரு மெல்லிய 'புட்' மட்டும் வந்தது. கார்ப்பரேட்டர் வண்டியில் அவ்வளவு இருக்கலாம், அதையும் அழிக்கப் பார்த்தால் ரிச் ஆகி பிளக் கரி பிடிக்கும். உங்கள் வண்டியும் வெடித்தால் சைலன்சர் வாங்கக் கிளம்பும் முன் ஒரு பாட்டில் சோப்புத் தண்ணீரோடு பெண்ட் பைப் பக்கம் உட்காருங்கள். ஸ்க்ரூ இப்போது எத்தனை சுற்றில் இருக்கிறது என்று ஆர்.சி. புக் கவரில் எழுதி வைத்துவிட்டு, அதற்குப் பிறகு யாரையாவது தொட விடுங்கள்.